நான் எழுதாத 2.34: ஒரு லினக்ஸ் பேக்கேஜ் படுத்திய பாடு

"தம்பி, நீங்க குடுத்ததைப் போட்டா இங்கிலீஷ்ல ஏதோ ரெண்டு வரி வருது. உள்ளயே போக மாட்டேங்குது." அச்சகத்து அண்ணன் போனில் இப்படிச் சொன்னபோது ஐந்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். முடிக்க மூன்று வாரம் ஆனது. அதில் பாதி நாள், நானே போட்ட முடிச்சுகளை நானே உட்கார்ந்து அவிழ்த்ததில் போனது.

கருவி ரொம்பச் சின்னது. அந்த அச்சகத்தில் 2000களின் தொடக்கத்தில் தட்டச்சு செய்த கோப்புகள் ஏராளமாகக் கிடந்தன, எல்லாம் திஸ்கி, யூனிகோடுக்கு முந்தைய ஒரு தமிழ்க் குறியாக்கம். அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். புத்தகங்களின் பின்னால் வரும் சொல்லடைவுகளை அகர வரிசையில் அடுக்கவும் வேண்டும். சி மொழியில் சில நூறு வரிகளில் எழுதினேன். எழுத்து மாற்றத்துக்கு ஐகான்வ் என்ற ஏற்பாடு போதும், ஏனென்றால் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான (எல்லா நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஜிலிப்சியிலேயே திஸ்கிக்கு ஒரு மாற்றி இருக்கிறது. தமிழ்க் கணினி வட்டத்திலேயே இது பலருக்குத் தெரியாத சங்கதி. வரிசைப்படுத்த ஐசியு லைப்ரரி. யூனிகோடு எண்களை அப்படியே நம்பி அடுக்கினால் 'ந'வுக்கு அடுத்து 'ன' வந்து நிற்கும், 'ர'வுக்கு அடுத்து 'ற' வரும், 'க்' போய் 'கௌ'வுக்குப் பின்னால் உட்காரும். எந்தத் தமிழாசிரியரும் அதைப் பார்த்துச் சும்மா இருக்க மாட்டார்.

என் மடிக்கணினியில் உபுண்டு 22.04 லினக்ஸ். அங்கேயே கம்பைல் செய்து, 1.4-1 என்று பதிப்பு எண் கொடுத்து, உபுண்டுவும் டெபியனும் நிறுவும் டெப் பேக்கேஜாகக் கட்டி அனுப்பினேன். அச்சகத்தில் ஆறு கணினிகள். ஐந்தில் உபுண்டு 20.04, ஒன்றில் டெபியன் 11 என்ற இன்னொரு லினக்ஸ்.

அண்ணன் படம் பிடித்து அனுப்பிய அந்த ரெண்டு வரி இதுதான்: லிப்சி6 (ஜிலிப்சி அடங்கிய பேக்கேஜ்) 2.34 அல்லது அதற்கு மேல் வேண்டும், ஆனால் இருப்பது 2.31. லிப்ஐசியு70 வேண்டும், ஆனால் அப்படி ஒன்றை நிறுவ வழியில்லை.

அந்த 2.34ஐ நான் எங்கேயும் எழுதவில்லை. பேக்கேஜின் விவரங்கள் இருக்கும் என் கன்ட்ரோல் ஃபைலில், அது எதையெல்லாம் சார்ந்தது என்று சொல்லும் டிபெண்ட்ஸ் வரியில் இருந்தது வெறும் மாறி மட்டும்: 'ஷ்லிப்ஸ் டிபெண்ட்ஸ்'. பேக்கேஜ் கட்டும் நேரத்தில் கருவிகளே அதை நிரப்பிக்கொள்ளும். சரி, கருவி கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுவிட்டது, நாம் குறைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எல்லாம் இங்கேதான் ஆரம்பித்தது.

எண்ணைத் திருத்திய கதை

டெப் பேக்கேஜைப் பிரிப்பது சுலபம். டிபிகேஜி-டெப் கட்டளையால் அவிழ்த்து, 2.34ஐ 2.31 ஆக்கினேன். லிப்ஐசியு70 இருந்த இடத்தில் 'லிப்ஐசியு70 அல்லது லிப்ஐசியு66' என்று போட்டேன், ஏனென்றால் 20.04இல் இருப்பது 66. திரும்பக் கட்டினேன். பதிப்பு எண்ணை மாற்றத் தோன்றவில்லை, அதே 1.4-1. அச்சகத்துக்கே நேரில் போய் நிறுவினேன். பேக்கேஜ் நிறுவும் ஆப்ட் ஒரு முனகல் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

இயக்கினால், 70 என்று முடியும் ஐசியு லைப்ரரிக் கோப்பைக் காணோம் என்றது. இருக்கட்டும் என்று, ஆப்ட் கோப்பகத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, 66இன் கோப்புகளுக்கு 70 என்ற பெயரில் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) வைத்தேன். 'எல்டி லைப்ரரி பாத்' மாறியில் அந்த ஃபோல்டரைக் காட்டி, பிறகு கருவியைக் கூப்பிடும் மூன்று வரி ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று. டெஸ்க்டாப் ஐகானை அந்த ஸ்கிரிப்ட்டுக்குத் திருப்பினேன். இரண்டு கணினிகளில் இப்படிச் செய்தேன்.

(மேலே சொன்ன 'ஆப்ட் கோப்பகம்' பேக்கேஜ் நிறுவும் ஆப்ட் அல்ல, கூடுதல் மென்பொருள்களுக்கான ஓபிடி கோப்பகம். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிப் போவது ஒரு தனிச் சிரமம்.)

இப்போது பிழைச் செய்தி மாறியது. 'ஜிலிப்சி 2.34 என்ற பதிப்பு கிடைக்கவில்லை.' சுற்றிச் சுற்றி அதே எண். வாசலில் நின்ற காவல்காரரை ஏமாற்றி உள்ளே போனால், உள்ளே அவருடைய அண்ணன் உட்கார்ந்திருக்கிறார்.

அன்று மாலை எதையும் துடைக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த ஸ்கிரிப்ட்டும் சிம்லிங்கும் அங்கேயே இருந்தன. இதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

ஆப்ஜ்டம்ப் கட்டளையில் பெரிய டி கொடி கொடுத்தால், ஒரு நிரல் வெளியிலிருந்து கேட்கும் ஒவ்வொரு செயற்கூறும் எந்தப் பதிப்பு முத்திரையோடு கேட்கப்படுகிறது என்று பட்டியல் வரும். என் கருவிக்கு அதை ஓடவிட்டேன். பெரும்பாலான வரிகள் ஜிலிப்சி 2.2.5. எக்ஸ்86-64 கணினிகளுக்கு அதுதான் தொடக்க எண், அதற்குக் கீழே எதுவும் இல்லை. ஸ்டாக் காவலுக்கான ஒன்று 2.4. மெம்காப்பி 2.14. கோப்பின் அளவைப் பார்க்க நான் கூப்பிட்ட ஸ்டாட் 2.33. கடைசியாக ஒரே ஒரு வரி: 'லிப்சி ஸ்டார்ட் மெயின்', 2.34.

அதை நான் கூப்பிடவே இல்லை. சி தெரிந்தவர்களுக்குத் தெரியும், மெயின் செயற்கூறுக்கு முன்னால் ஓடும் ஏற்பாடு அது. ஒவ்வொரு நிரலிலும் இருக்கும். 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34இல் இந்தத் தொடக்க ஏற்பாட்டை மாற்றினார்கள். அதுவரை ஒவ்வொரு நிரலுக்குள்ளும் தனித்தனியாக ஒட்டப்பட்டு வந்த தொடக்கத் துண்டு ஒன்றை லைப்ரரிக்குள்ளேயே இழுத்துக்கொண்டார்கள். அந்தத் துண்டு ஊடுருவல்காரர்களுக்குக் கைப்பிடியாக இருந்தது ஒரு காரணம். வேலை செய்யும் விதம் மாறியதால் அந்தச் செயற்கூறுக்குப் புதிய முத்திரை குத்த வேண்டியதாயிற்று. ஆக, 22.04இல் 'வணக்கம்' என்று ஒரு வரி அச்சிடும் நிரலைக் கட்டினால்கூட அதற்கும் 2.34 வேண்டும்.

டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ் செய்வது இதைத்தான். நிரல் எந்தெந்த லைப்ரரிக் கோப்புகளைக் கேட்கிறது என்று பார்க்கும். அந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று தேடும். அந்தப் பேக்கேஜ் தன்னுடன் ஒரு சிம்பல்ஸ் கோப்பு வைத்திருந்தால், நிரல் பயன்படுத்தும் ஒவ்வொரு செயற்கூறும் எந்தப் பதிப்பில் நுழைந்தது என்று பார்த்து, அவற்றில் மிகப் பெரிய எண்ணை எடுக்கும். கவனியுங்கள், 22.04இல் நிறுவியிருந்த ஜிலிப்சி 2.35. ஆனாலும் அது 2.35 கேட்கவில்லை, 2.34தான் கேட்டது. அதாவது கருவி கூடுதலாக எதையும் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி கணக்குப் பார்த்துச் சொன்னது. அதைத்தான் நான் அழித்து எழுதினேன்.

ஐசியுவில் சங்கதி இன்னும் கறார். அதன் ஒவ்வொரு பெரிய பதிப்பும் கோப்புப் பெயரையே மாற்றிக்கொள்ளும்: உபுண்டு 20.04இல் 66, டெபியன் 11இல் 67, 22.04இல் 70. அது போதாதென்று செயற்கூறுகளின் பெயரிலும் எண் ஒட்டியிருக்கும். நிரலில் 'யுகால் ஓபன்' என்று எழுதினால், கம்பைல் ஆனபின் அது 'யுகால் ஓபன் 70'. 66இன் கோப்புக்குள் போய் அந்தப் பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? என் சிம்லிங்க் வித்தை ஜிலிப்சிச் சுவரில் முட்டாமல் போயிருந்தாலும் இந்தச் சுவரில் முட்டியிருக்கும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி

முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. மெம்காப்பிக்கு எதற்கு 2.14 முத்திரை? நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகல் எடுப்பதில் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது? அதன் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது.

2010இல் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வந்த சமயம். 64 பிட் கணினிகளில் அடோபி ஃப்ளாஷ் வழியாகப் பாட்டுக் கேட்டால் ஒலி கரகரத்தது. தேடிப் பார்த்ததில், ஜிலிப்சியில் புதிய செயலிகளுக்காக மெம்காப்பியை வேகப்படுத்தியிருந்தார்கள். அது சில சமயம் பின்னாலிருந்து முன்னால் நகலெடுத்தது. மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இருந்தால் எந்தத் திசையில் எடுத்தாலும் ஒன்றுதான். படிந்தால் மெம்காப்பியைக் கூப்பிடக் கூடாது, மெம்மூவைத்தான் கூப்பிட வேண்டும் என்பது விதி. ஃப்ளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. பழைய மெம்காப்பியில் அது தற்செயலாகத் தப்பித்து வந்தது. விதிப்படி பிழை ஃப்ளாஷுடையது என்று ஜிலிப்சி பக்கம் நின்றார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பிழைப் பதிவுக்கே வந்து, பயன்படுத்துகிறவனுக்கு நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை, அதுதான் முக்கியம் என்ற பக்கம் நின்றார்.

2011இல் வந்த 2.14இல் ஒரு வழி கண்டார்கள். மெம்காப்பிக்கு இரண்டு முகம். பழைய 2.2.5 முத்திரையோடு கேட்கும் நிரலுக்கு மெம்மூவ் போலப் பாதுகாப்பாக நடக்கும் ஒன்று. புதிதாகக் கம்பைல் ஆகும் நிரல்களுக்கு 2.14 முத்திரையோடு வேகமான ஒன்று. பழைய நிரல் எதுவும் கெடவில்லை. அதற்கான விலை, புதிதாகக் கட்டிய நிரல் பழைய கணினியில் ஓடாது.

இந்த முத்திரைகள் எல்லாம் அப்படி ஒருபக்க உறுதிமொழிகள். பழைய நிரலைப் புதிய கணினியில் போட்டால் ஓடும், அதற்கு அவர்கள் பொறுப்பு. புதிதாகக் கட்டியதைப் பழைய கணினியில் ஓட்டித் தருகிறேன் என்று யாரும் எப்போதும் சொன்னதில்லை. நான்தான் சொல்லாததை எதிர்பார்த்தேன்.

யோசித்து விட்டுவிட்ட வழிகள்

முத்திரையைக் கையால் கட்டுப்படுத்தலாம். நிரலுக்குள் ஓர் அசெம்ப்ளி வரி போட்டு, மெம்காப்பியின் 2.2.5 முகம்தான் வேண்டும் என்று கேட்க முடியும். மெம்காப்பிக்குச் சரி. ஆனால் 'லிப்சி ஸ்டார்ட் மெயின்' என் நிரலிலிருந்து வரவில்லை. ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்டு லிப்சி6-டெவ் பேக்கேஜில் வரும் தொடக்கக் கோப்பிலிருந்து வருகிறது. அங்கே என் கை எட்டாது. எட்டவைக்கும் தந்திரங்களும் உண்டு, ஆனால் ஆறு மாதம் கழித்துப் படித்தால் எனக்கே புரியாது.

எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே ஸ்டாட்டிக்காகக் கட்டிவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல கருவிகளுக்கு அது நல்ல யோசனை. என் கருவிக்கு ஆகாது. ஐகான்வ் திஸ்கி மாற்றியை ஓடும் நேரத்தில்தான் ஒரு தனிக் கோப்பிலிருந்து ஏற்றுகிறது. ஸ்டாட்டிக்காகக் கட்டினாலும் அந்தக் கோப்பைத் தேடி வெளியே போகும், அதுவும் கட்டிய அதே ஜிலிப்சிப் பதிப்பின் கோப்பு வேண்டும். சரி, ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் என்ற இன்னொரு சி லைப்ரரி என்றால், அதன் ஐகான்வில் திஸ்கியே கிடையாது.

ஆக, மிச்சமிருந்தது ஒன்றுதான்: எங்கே ஓட வேண்டுமோ அங்கே கட்டுவது. பைதான் உலகத்தில் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர்களுடைய மெனிலினக்ஸ்2014 என்பது, சென்ட்ஓஎஸ் 7இன் ஜிலிப்சி 2.17ஐ அடிமட்டமாக வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே பழைய சூழலில் கட்டும் ஏற்பாடு. பின்னால் வந்த பெயர்களில் ஜிலிப்சி எண்ணையே நேரடியாக வைத்துவிட்டார்கள், மெனிலினக்ஸ் 2.28 என்று.

மூன்று கன்டெய்னர்

உபுண்டு 20.04, 22.04, டெபியன் 11 மூன்றுக்கும் தனித்தனி கன்டெய்னர், அதாவது என் கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் லினக்ஸ் சூழல். ஒரே மூலத்தை மூன்றிலும் கட்டும் சின்ன ஸ்கிரிப்ட். முறையாகச் செய்பவர்கள் இதற்கென்றே உள்ள எஸ்பில்ட் கருவியை வைத்திருப்பார்கள். ஒரு கருவிக்கு எனக்கு இது போதுமாயிருந்தது. கன்ட்ரோல் ஃபைலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கட்டுவதற்குத் தேவையான பேக்கேஜின் பெயர் எல்லா இடத்திலும் எண் இல்லாத லிப்ஐசியு-டெவ் தான், அதனால் ஒரே வரி மூன்று இடத்திலும் பொருந்தியது. நிறுவும்போது வேண்டிய எண் பதித்த பெயரை அந்தந்தக் கன்டெய்னரே கண்டுபிடித்துக்கொண்டது. 20.04இல் கட்டியதைத் திறந்து பார்த்தேன்: லிப்சி6 வேண்டும், 2.14 அல்லது மேல். லிப்ஐசியு66 வேண்டும். மெம்காப்பிதான் இப்போது உச்சம். ஸ்டாட் காணாமல் போயிருந்தது, ஏனென்றால் 2.33க்கு முன்னால் அது வேறு பெயரில் 2.2.5 முத்திரையோடு போய்க்கொண்டிருந்தது. ஒரு வரியும் மாறாத அதே நிரல், கட்டிய இடம் மட்டும் வேறு.

மூன்று பேக்கேஜுக்கும் ஒரே பதிப்பு எண் இருக்கக் கூடாது. அச்சகம் நாளைக்கு 20.04இலிருந்து 22.04க்கு மாறினால் ஆப்ட் புதியதை எடுக்க வேண்டும். டெபியன் உலகத்தில் இதற்கு டில்டே (~) குறி. டில்டே வந்தால் அது வெறுமையைவிடவும் சிறியது. 1.4-1~உபுண்டு20.04.1 என்பது 1.4-1~உபுண்டு22.04.1ஐவிடச் சிறியது, இரண்டுமே 1.4-1ஐவிடச் சிறியவை. அழகான ஏற்பாடு.

அழகில் மயங்கி, 1.4-1~ என்றே எண் போட்டு அச்சகத்தின் உள்வலையில் ஒரு சின்ன ரெபோவில் (ஆப்ட் பேக்கேஜ்களை எடுக்கும் இடம்) வைத்துவிட்டு, ஆப்ட் அப்கிரேட் கொடுக்கச் சொன்னேன். "ஒண்ணும் புதுசா இல்லைங்குதே தம்பி." ஆமாம், இருக்காது. நான் திருத்திக் கட்டிய கோளாறுப் பேக்கேஜ் அங்கே 1.4-1 என்று உட்கார்ந்திருந்தது. ஆப்ட்டின் கணக்கில் அதுதான் புதியது, நான் அனுப்பிய நல்லது பழையது. 1.4-2~ என்று ஏற்றி மறுபடி கட்டியபின்தான் ஆறு கணினிகளிலும் இறங்கியது. ஒருமுறை வெளியே போன எண்ணை, உள்ளே இருப்பது குப்பையாக இருந்தாலும், திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டதுண்டு. பட்டபிறகுதான் உறைத்தது.

கணக்கில் வராத சார்பு

இதெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, அந்த அச்சகத்தோடு வேலை செய்யும் ஒரு பதிப்பகம் கருவியைக் கேட்டது. அவர்களிடம் ரெட் ஹேட் குடும்பத்து ஆல்மாலினக்ஸ் 9. இப்போது ஞானம் வந்துவிட்டதே, அதே ஆல்மா 9 கன்டெய்னரில் அந்தக் குடும்பத்தின் பேக்கேஜ் வடிவமான ஆர்பிஎம் கட்டினேன். ஆர்பிஎம் எனக்கு ஒரு விதத்தில் டெபியனைவிடப் பிடித்திருக்கிறது: பேக்கேஜ் எண்ணாக மாற்றாமல், 'சி லைப்ரரியில் ஜிலிப்சி 2.34 முத்திரை வேண்டும்' என்று முத்திரையையே சார்பாக எழுதிவைக்கிறது. ஆல்மா 9இல் இருப்பது 2.34. பொருந்தியது, நிறுவியது, ஓடியது.

ஆனால் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் 'இன்வாலிட் ஆர்குமென்ட்' என்றது. கோப்புதான் பழுது என்று நினைத்து ஒரு நாள் முழுக்கப் பைட் பைட்டாகப் பார்த்தேன். பழுது கோப்பில் இல்லை. ரெட் ஹேட் 9 குடும்பத்தில் ஜிலிப்சியின் எழுத்து மாற்றிகளை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். யூடிஎஃப்-16, ஐஎஸ்ஓ 8859-1 மாதிரி அன்றாடம் வேண்டியவை அடிப்படையோடு வரும். மற்றவை, நம் திஸ்கி உட்பட, ஜிலிப்சி-ஜிகான்வ்-எக்ஸ்ட்ரா என்ற தனிப் பேக்கேஜில். நான் கட்டிய கன்டெய்னரில் அது இருந்தது, பதிப்பகத்தின் சிக்கனமான சர்வரில் இல்லை.

இதை எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. நிரலுக்குள் 'திஸ்கி' என்பது மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஐந்து ஆங்கில எழுத்து, அவ்வளவுதான். ஓடும் நேரத்தில் அந்தப் பெயரில் ஒரு கோப்பை ஏற்றுவார்கள் என்று ஷ்லிப்டெப்ஸுக்கும் தெரியாது, ஆர்பிஎம்முக்கும் தெரியாது. எழுதியவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆர்பிஎம் கட்டும் விவரங்கள் இருக்கும் ஸ்பெக் கோப்பில் ரிக்வயர்ஸ் வரியாக அதைக் கையால் சேர்த்தேன். டெபியன் 13இலும் இதே பிரிப்பு வந்துவிட்டது, அங்கே பெயர் லிப்சி-ஜிகான்வ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா. அங்கும் கையால்தான் எழுத வேண்டும். கருவி எழுத வேண்டியதை நான் எழுதினேன், நான் எழுத வேண்டியதைக் கருவி எழுதும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு, ஒவ்வொரு பேக்கேஜையும் கட்டியவுடன் வேறொரு வெறும் கன்டெய்னரில் நிறுவி, ஒரு திஸ்கிப் பத்தியை மாற்றிப் பார்த்த பிறகே வெளியே விடுகிறேன்.

2.34 கதை ஒருமுறையோடு முடிகிற கதையும் அல்ல. உபுண்டு 24.04இல் இதே நிரலைக் கட்டினால் 2.38 கேட்கிறது. இந்த முறை காரணம், சரத்தை எண்ணாக்கும் எஸ்டிஆர்டோல். சி மொழியின் புதிய தரத்தில் இரண்டடிமான எண்களையும் அது படிக்க வேண்டும் என்பதால், 2023இல் வந்த 2.38இல் அதற்கும் புதிய முகம் கொடுத்தார்கள். குனு நீட்சிகள் வேண்டும் என்று அறிவித்துக் கம்பைல் செய்கிற எல்லாரும் தெரியாமலே அதற்கு மாறிவிடுகிறோம். இப்போது கன்டெய்னர் பட்டியலில் இன்னொரு வரி கூடியிருக்கிறது.

அச்சகம் பிறகு ஐந்து கணினிகளையும் 22.04க்கு ஏற்றியது. ஆப்ட் ஒழுங்காக ~உபுண்டு22.04 பேக்கேஜை எடுத்துக்கொண்டது. நான்கில் ஓடியது. ஒன்றில் மட்டும், 'யுகால் ஓபன் 70' என்ற பெயரைக் காணோம் என்று நின்றது. ஐந்திலும் ஒரே பேக்கேஜ், ஒரே பதிப்பு எண். அரை நாள் தலையைச் சொறிந்த பிறகு டெஸ்க்டாப் ஐகானை வலது கிளிக் செய்து பார்த்தேன்.

பழைய மூன்று வரி ஸ்கிரிப்ட். 20.04இல் நல்ல பேக்கேஜ் வந்தபின் அது 66ஐத் தேடியதால், 70 என்று பெயர் போட்ட என் போலி சிம்லிங்குகள் யாருக்கும் குறுக்கே நிற்கவில்லை. 22.04இல் கருவி 70ஐத் தேடியது, முதலில் கண்ணில் பட்டது என் ஃபோல்டர். ஸ்கிரிப்ட் வைத்த இன்னொரு கணினியில் மேம்படுத்தலின் முடிவில் பழைய பேக்கேஜ்களை நீக்கவா என்ற கேள்விக்கு 'ஆம்' சொல்லியிருந்தார்கள். லிப்ஐசியு66 போய்விட்டதால் சிம்லிங்குகள் அந்தரத்தில் தொங்கின, நிரலுக்கு லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் லோடர் அவற்றைத் தாண்டிப்போய் உண்மையான 70ஐ எடுத்துக்கொண்டது. இந்தக் கணினியில் அண்ணனே உட்கார்ந்து மேம்படுத்தியிருக்கிறார். எதையும் அழிக்கப் பயந்து 'இல்லை' கொடுத்திருக்கிறார்.

ஃபோல்டரையும் ஸ்கிரிப்ட்டையும் அழித்து, ஐகானை நேரே கருவிக்குத் திருப்பினேன். "என்ன தம்பி கோளாறு?" என்று கேட்டார். "பழைய ஃபைல் ஒண்ணு மிச்சம் இருந்தது அண்ணே" என்றேன். யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை.